ஆளே மாறிட்டான்

லிஃப்ட்காரனின் அத்தை மகனுக்கு முறையாக ஒரு பேர் உண்டு. ஆனால் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே குடும்ப மரம் வரையப்போகிறேன் என்று அவர் கிளம்பியதிலிருந்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் ‘மரம்’ ஆகிவிட்டார். “மரம் கூப்பிடுது, எடுக்காதே” என்பார்கள். எடுத்தால் தொலைந்தோம். கொள்ளுத்தாத்தாவுக்கு எத்தனை தாரம், சின்னத் தாத்தா எந்த வருஷம் போய்ச்சேர்ந்தார், ஓடிப்போன பெரியம்மா எங்கே ஓடிப்போனாள் என்று வாயைப் பிடுங்கி எழுதிக்கொண்டுதான் விடுவார். சுவரளவு தாளில் இருநூற்றுப் பதினான்கு பேரைக் கிளை கிளையாகத் தொங்கவிட்டிருந்தார்.

அதோடு நின்றிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷர், பன்னிரண்டு பேருடைய எச்சிலைச் சொந்தச் செலவில் குழாயில் பிடித்து டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினார். தாளில் இருக்கும் கிளையெல்லாம் ரத்தத்திலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அவருடைய மாமா மகன் லிஃப்ட்காரனும் சிரித்துக்கொண்டே துப்பிக் கொடுத்தான்.

லிஃப்ட்காரன் என்றால் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஐம்பத்தைந்து வயது. முப்பது வருஷமாக அந்தரத்தில் தொங்கும் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டில் அவனும் மனைவியும் எழுபத்தொன்பது வயது அம்மாவும்தான். அம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மரம் அவனைத் தேடி வேலை செய்யும் இடத்துக்கே வந்தார். போன் பண்ணாமல் வந்ததே விபரீதம். லிஃப்ட்காரன் அப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் அறையில் இருந்தான். லிஃப்டை அவனே நிறுத்தி வைத்திருந்ததால் மரம் ஏழு மாடியையும் படியேறி வந்திருந்தார்.

“மாப்ள, உக்காரு” என்றார்.

“நீங்க மொதல்ல உக்காருங்க அத்தான். உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது.”

“ரிசல்ட் வந்துடுச்சு. எனக்கும் உனக்கும் பொருத்தம் இல்ல.”

“நமக்கு எப்ப பொருத்தம் இருந்துச்சு?”

மரம் சிரிக்கவில்லை. போனைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினார். “எல்லாருக்கும் யாரோடவாச்சும் கொஞ்சமாச்சும் ஒத்துப்போகுது மாப்ள. உனக்கு மட்டும் ஒருத்தரோடயும் இல்ல. பூஜ்யம்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று லிஃப்ட்காரனுக்கு உடனே புரிந்தது. கையில் ஸ்பானர் இருந்தது. “அத்தான், எங்கம்மாவப் பத்தி ஒரு வார்த்த தப்பா வந்துச்சுன்னா...”

“அட, அதான் இல்லங்கறேன். உங்க சித்தி மக எச்சிலும்தானே அனுப்பினேன். அவளோடயும் உனக்கு பூஜ்யம். அப்பா பக்கம் மட்டும் இல்லன்னா அது ஒரு மாதிரி. ரெண்டு பக்கமும் இல்லன்னா...” அவர் முடிக்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சண்டையில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மனுஷனுக்கு அதை அச்சடித்துக் கொடுத்து லிஃப்ட்காரன் அன்றுதான் பார்த்தான்.

“ஆஸ்பத்திரியில மாறியிருக்கும்” என்றான்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் இதப் பாத்தேன்.” மரத்திடம் எல்லார் வீட்டுப் படமும் இருந்தது. ஒன்றில் ஒரு வயதுக் குழந்தை, எட்டு வயது மரத்தின் மடியில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் அதே பேர்கொண்ட நாலு வயதுப் பையன் விறைத்துக்கொண்டு நின்றான். “காதப் பாரு” என்றார் மரம். முதல் படத்தில் காதின் கீழ் நுனி கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இரண்டாவதில் தனியாகத் தொங்கியது. லிஃப்ட்காரன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். தொங்கியது.

“நடுவுல ரெண்டு வருஷம் நீங்க யார் கண்ணுலயும் படல. பாலம் கட்டற கம்பெனியில மேற்பார்வைக்குன்னு மாமா எங்கயோ போயிட்டாரு. திரும்பி வந்தப்ப எங்கம்மா உன்னத் தூக்கிக்கிட்டு, பையன் ஆளே மாறிட்டான்னாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு வந்தவங்க எல்லாரும் அதத்தான் சொன்னோம்.”

வளரும் குழந்தையைக் கண்டால் யாரும் சொல்கிற பேச்சுதான் அது. ஒரு வீடு நிறையப் பேர் சரியாகச் சொல்லியும், தாங்கள் என்ன சொன்னோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

போகும்போது மரம் இன்னொன்றையும் காட்டினார். அந்தப் பரிசோதனைக்கு எச்சில் கொடுத்த வெளியாட்களில் ஒரே ஓர் ஆள் லிஃப்ட்காரனோடு பொருந்துகிறாள். கூடப்பிறந்தவள் அளவுக்குப் பொருந்துகிறாள். அவள் நாலு நாள் முன்னால் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தாள். நீங்கள் ஆணா, வயது ஐம்பத்தைந்துக்குப் பக்கமா என்று இரண்டே கேள்வி. வணக்கம்கூட இல்லை. அந்தக் கணக்கை மரம் லிஃப்ட்காரனின் போனிலும் திறந்துவைத்தார்.

“பதில் போடட்டுமா?” என்றார் மரம்.

“வேண்டாம். அம்மா காதுக்கும் போகக் கூடாது.”

“நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“நீங்களா?” என்றான் லிஃப்ட்காரன். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் மரம் கடைசிவரை மூச்சு விடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவனுக்குச் சரியாகப் போகவில்லை. அந்த ஒட்டுக் காதுக் குழந்தை செத்துப் போயிருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லாமலே தெரிந்தது. அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தால் அது செத்தவனின் பேர். பிறந்த நாள் செத்தவனுடையது. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டது செத்தவன். மனைவியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் அவன்தான். செத்தவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று தேர்தலுக்குத் தேர்தல் எல்லாரையும்போல் லிஃப்ட்காரனும் கிண்டல் அடித்திருக்கிறான். முப்பத்தைந்து வருஷமாக அந்த வேலையை அவனே செய்துகொண்டிருந்திருக்கிறான்.

அந்த வாரம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. யாரும் பட்டன் அழுத்தாமலே லிஃப்ட் நாலாவது மாடியில் நின்று கதவைத் திறக்கிறதாம். லிஃப்ட்காரன் காலையிலிருந்து ரிலே, பட்டன், வயர் எல்லாவற்றையும் சோதித்தான். ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் உள்ளே ஏறி, தானே போய்ப் பார்த்தான். நாலில் நின்றது. கதவு திறந்தது. வெளியே குழந்தைகள் வார்டின் நீளமான வராந்தா, துடைத்து ஈரம் காயாமல், ஆள் இல்லாமல் கிடந்தது. இப்படி நூறு தடவை பார்த்திருக்கிறான். ஈரம் இறங்கியிருக்கும், எங்காவது வயர் உரசியிருக்கும், மறுநாள் கண்டுபிடித்துவிடலாம். அன்றைக்கு மட்டும் கதவு மூடாமல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டான்.

“ஏறிக்கோண்ணே” என்றான்.

ஐம்பத்தைந்து வயதுவரை யாரையும் அவன் அண்ணன் என்று நினைத்துக் கூப்பிட்டதில்லை. கண்ணாடியில் அவன் மூஞ்சி மட்டும்தான் தெரிந்தது. கீழே போகும்வரை ஓர் ஓரமாகவே ஒதுங்கி நின்றான்.

செத்தவன்மேல் அவனுக்குப் பயம் இல்லை. பயந்தது வேறொன்றுக்கு. தலை துவட்டிவிட்டபோது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு சிரித்தபோது, அம்மா யாரைப் பார்த்தாள்? தன்னையா, தன் சட்டைக்குள் நின்ற இன்னொருவனையா? அந்தப் பெண்ணுக்குப் பதில் போட்டால் இதை அம்மாவிடம் கேட்டாக வேண்டும். கேட்காமல் இருந்தால் அவனுக்கு அம்மா மிச்சம். கேட்டால் அதுவும் இல்லாமல் போகலாம்.

அதனால் அவன் கேட்பதாக இல்லை. பதினோராம் நாள் நாலு மணிக்கே வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், ஐந்தரைக்குத்தான் வருவாள். சாவி போட்டுக் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போது உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“தம்பி வந்துட்டான்.”

இது புதிதில்லை. அம்மா அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற பிள்ளையைத் தம்பி என்பது நம்மவர்களிடம் வீட்டுக்கு வீடு உள்ளது. அதில் யாரும் முறை பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த காலம் முதல் அவன் வாசலில் கால் வைத்ததும் அம்மா இதைச் சொல்வாள். அப்பாவிடம் சொல்கிறாள், பிறகு மருமகளிடம் சொல்கிறாள் என்று நினைத்திருந்தான். இன்றைக்கு வீட்டில் ஒருவரும் இல்லை.

அறைக்குள் எட்டிப் பார்த்தான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே அலமாரியும் வெறும் சுவரும்தான் இருந்தன.

“யார்கிட்டம்மா சொன்னே?”

“என்னது?”

“தம்பி வந்துட்டான்னு. யார்கிட்ட?”

“சும்மா வாய்க்கு வந்துச்சு.”

அவன் கேட்பதாக இல்லை என்றேன். அவன் வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை. “அண்ணன்கிட்டயா?” என்றான்.

அந்த வீட்டில் அந்த வார்த்தை அதுவரை விழுந்ததே இல்லை. அம்மா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். “கதவச் சாத்து” என்றாள். யாரும் இல்லாத வீட்டில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“யார் சொன்னா?”

“எச்சில் சொல்லுச்சு. அத்தான் அனுப்பினாரே, அது.”

“அந்த மரத்த நம்பி எச்சில் துப்பாதேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

“ரெண்டு வயசு எட்டு மாசம் அவனுக்கு. மூணு நாள் காய்ச்சல். ஆத்தத் தாண்டினாத்தான் டாக்டரு. பாலம் பாதிதான் நின்னுச்சு. உங்கப்பா கட்டிட்டிருந்த பாலம்தான்.”

அவன் அலமாரியில் சாய்ந்துகொண்டான்.

“அவனப் பெத்தப்பவே எனக்கு கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. இன்னொண்ணுக்கு வழியில்ல. ஊருக்குத் தகவல் எழுதணும்னு உங்கப்பா தெனம் உக்காருவாரு. பேனாவ மூடி வச்சிட்டு எந்திரிச்சிடுவாரு. எழுதிட்டா நெசமாயிடும்ல. ரெண்டு மாசம் எழுதல. அப்புறம் வெள்ளம் வந்துச்சு. ஆத்தோரக் கொட்டகையில இருந்தவங்க ஏழு பேரு போயிட்டாங்க. அதுல ஒரு புருஷன் பொண்டாட்டி. அவங்க புள்ள நீ. பேரு போட்ட சர்ட்டிஃபிகேட் ஒண்ணு புள்ள இல்லாமக் கெடக்கு, புள்ள ஒண்ணு பேரு இல்லாமக் கெடக்குன்னாரு உங்கப்பா. அவரு எதையும் வீணாக்க மாட்டாரு.”

லிஃப்டில் மோட்டார் எரிந்துபோனால் வேறு மோட்டாரை வைத்து, பழைய நம்பர்த் தகட்டை அதன்மேல் முடுக்கிவிடுவது உண்டு. ஆபீஸ் கணக்கில் அது என்றைக்கும் பழைய மோட்டார்தான். தானே எத்தனை தகட்டை முடுக்கியிருக்கிறோம் என்று லிஃப்ட்காரன் நினைத்துக்கொண்டான்.

“அம்மா, நீ என்னப் பாத்து சிரிச்சப்பல்லாம் யாரப் பாத்து சிரிச்ச?”

கேட்டுவிட்டான். அம்மா துண்டின் ஓரத்தை நீவிவிட்டாள். பொய் சொல்லத் தேடுகிறாளோ என்று பயந்தான்.

“மொத வருஷம் உன்னப் பாக்கவே மாட்டேன்” என்றாள். “தட்ட வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்குவேன். அவன் சட்டையில நீ நின்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். உங்கப்பா அவன் பேரச் சொல்லி உன்னக் கூப்பிடுவாரு. நீ திரும்பவே மாட்ட. எனக்கு அது புடிச்சுது. அவன் பேர இவன் எடுத்துக்கல, நல்ல புள்ளன்னு தோணுச்சு. அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் அந்தப் பேரச் சொல்லி உன்ன நான் கூப்பிட்டிருக்கேனா?”

யோசித்துப் பார்த்தான். இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

“அதான் தம்பின்னியா? அவனுக்குத் தம்பின்னு?”

“அது அப்புறம் வந்தது. மொதல்ல அதுக்காக இல்ல.” அம்மா துண்டைப் பிரித்து, மறுபடி மடித்தாள். “கூட ஒரு பொண்ணு இருந்துச்சு. உங்க அக்கா. ஏழு வயசு இருக்கும். அது உன்ன அப்படித்தான் கூப்பிட்டுட்டே இருந்துச்சு. உனக்கு வேற பேரு இருந்துச்சான்னுகூட எங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் நீ திரும்பிப் பாத்த. நானும் அதயே சொன்னேன். சொல்லிச் சொல்லி, எந்த வருஷம்னு தெரியாது, உன்னப் பாத்து சிரிச்சிட்டிருந்தேன். அவன்கிட்டயும் சொல்லிட்டேன். தெனம் அவன்கிட்டதான் சொல்றேன், தம்பி வந்துட்டான், கவலப்படாதேன்னு.”

லிஃப்ட்காரன் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. அழுகை வந்தது, அழுதான். அம்மா அவன் முதுகில் கை வைத்திருந்தாள்.

“அந்தப் பொண்ண ஏன் விட்டுட்டு வந்தீங்க?” என்றான் பிறகு.

“பேப்பர் ஒரு புள்ளைக்குத்தானே இருந்துச்சு. லாரி வந்துச்சு. ஏதோ இல்லத்துக்குன்னு ஏத்தி அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான்.”

அவள் ‘அவ்வளவுதான்’ சொன்ன விதம் அவனுக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் அதற்குமேல் குடையவில்லை. போனை எடுத்து, அந்த இரண்டு கேள்வியையும் படித்துக் காட்டினான். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, “உசுரோட இருக்காளா?” என்று கேட்டாள்.

“இருக்கா.”

“பதில் போடு.”

ஆண், ஐம்பத்தைந்து என்று எழுதி அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது.

“நாளைக்குக் காலையில பேசறேம்மா. நீ கொஞ்சம் படு.”

“இப்பவே போடு. நாளைக்கு எனக்கு தைரியம் இருக்காது. சத்தமா வை, நானும் கேக்கணும்.”

மணி ஒரே ஒரு தடவைதான் அடித்தது. எடுத்துவிட்டார்கள். கரகரத்த ஒரு பெண் குரல், “தம்பியா?” என்றது.

“ஆமாங்க.”

“என்ன ‘ங்க’ போட்டுப் பேசற?” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தாளாம். இரண்டு பெண் பிள்ளைகளாம். மூத்தவள்தான் இவள் தொல்லை தாங்காமல் இந்தப் பரிசோதனைக்கு அனுப்பினாளாம். எல்லாவற்றையும் படபடவென்று சொன்னாள். “உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?”

“இல்லக்கா. ஒண்ணும் இல்ல.”

“நல்லதுதான். அங்க நல்லா வச்சிருந்தாங்களா?”

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். “நல்லாத்தான் வச்சிருந்தாங்க” என்றான்.

“அப்போ சரி. ஒண்ணு சொல்லணும். அதச் சொல்லத்தான் இத்தன வருஷமா உன்னத் தேடினேன். சொல்லிட்டா நீ என்னோட பேச மாட்டியோ என்னவோ.” குரல் தாழ்ந்தது. “தண்ணி வந்தப்ப நம்மம்மா நம்மள மேட்டுல ஏத்திவிட்டா. தம்பி கைய விட்டுடாதேன்னா. அதான் அவ கடைசியா சொன்னது. நாலு நாள் நான் விடல. தூங்கறப்பக்கூட விடல. லாரியில ஏத்தினாங்களே, அப்ப விட்டுட்டேன். எப்படி விட்டேன்னு தெரியல. எவ்வளவு யோசிச்சும் அது மட்டும் வர மாட்டேங்குது. லாரி போயிட்டிருக்கு, குனிஞ்சு பாக்கறேன், கை காலியா இருக்கு. பயந்துபோயி நானே விட்டிருக்கேன். எனக்கு ஏழு வயசு, தெரிஞ்ச வயசுதான். அம்பத்திரண்டு வருஷமா நான் எந்தப் புள்ள கையையும் புடிச்சு ரோடு தாண்டினதில்ல தம்பி. என் புள்ளைங்களக்கூட அவங்கப்பாதான் கூட்டிட்டுப் போவாரு.”

பக்கத்திலிருந்து அம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

“அம்மாடி” என்றாள். “நான்தான் அந்த வீட்டுப் பொம்பள. இவன வளத்தவ.”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நீ விடல. உங்கப்பா உங்கம்மா மேல சத்தியமா நீ விடல. எல்லாரும் இழுத்துப் பாத்தாங்க, முடியல. நான்தான் லாரியில ஏறி உன் விரலப் பிரிச்சேன். ஒவ்வொண்ணா.”

வைத்துவிட்டாளோ என்று லிஃப்ட்காரன் குனிந்து பார்த்தான். வைக்கவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அந்தக் கரகரத்த குரல், ஏழு வயதுக் குழந்தை கேட்பதுபோல் கேட்டது.

“அப்போ நான் புடிச்சிட்டுத்தான் இருந்தேனா?”

“சுண்டு விரல் வரைக்கும்” என்றாள் அம்மா.